துள்ளும் வண்டியில் ஐந்து ஆண்டுகள்

மன்னார் நகரிலே முட்டை வாங்கி அதனை உடையாமல் வீடு கொண்டு சேர்ப்பது ஒரு வித்தை என்று சொன்னால் வாசகர்கள் நகைப்பர். நடந்து செல்பவருக்கும் சைக்கிளிற் செல்பவருக்கும் அது வித்தையன்று. எம் வீட்டாருக்கோ ஐந்தாண்டு காலம் அது வித்தையாகவே இருந்தது. எம் மனைவியார் முட்டைப் பெட்டியை மடியில் வைத்து, இரு கைகளாலும் ஏந்தி, வண்டியின் ஒவ்வொரு துள்ளலுக்கும் தாமும் சற்றே எழும்பி அமர்ந்து, கைக்குழந்தையைக் காப்பது போற் காத்து வருவார். அப்படியிருந்தும் பத்துக்கு இரண்டு உடையும். உடைந்ததை அன்றைக்கே பொரித்து உண்போம். குற்றம் வீதியினது என்று அவரிடம் பலகாலும் சொல்லி வந்தோம். உண்மையில் குற்றம் வீதியினதும் அன்று, வண்டியினதும் அன்று. ஒன்றுக்காகச் செய்த பொருளை மற்றொன்றுக்கு வழங்கிய எம்முடையது.

வண்டி எம் தம்பியினுடையது. 1990களில் ஜப்பானிலே செய்யப்பட்ட மூன்று கதவு ஹொண்டா சிவிக். கொழும்பிலே உத்தியோகம் பார்த்த காலத்தில், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தையெல்லாம் அவன் அதிலேயே கொட்டினான். களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தைத் திடலில் ஓடினான். 1934 முதல் நுவரெலியாவில் நடந்து வரும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்திலும் ஒரு முறை ஏறினான். கிண்ணம் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஆயினும் பந்தயம் முடிந்து வீடு வரும் நாட்களில் அவன் முகத்திலே கண்ட ஒளியை, எம் மாணவர் பரீட்சையில் உயர் சித்தி பெற்ற நாட்களிலே மாத்திரம் கண்டிருக்கிறோம்.

2019 இறுதியில் அவன் கனடாவுக்குச் சென்றான். வண்டியை விற்க மனம் வரவில்லை. எம் முற்றத்துப் பனையோலைக் கொட்டகையில் நிறுத்தி, திறப்பை எம் கையிலே தந்து, “இடைக்கிடை ஸ்ராட் பண்ணி ஓடுங்கோ அண்ணா, நிண்டால் பழுதாப்போம்” என்றான். வண்டியின் முன்பெட்டியிலே ஒரு கொப்பித் தாளை மடித்து வைத்திருந்தான். அதிலே, “முன் 8, பின் 10. இதில் ஒருவரும் கை வைக்க வேண்டாம்” என்று எழுதி, அடியிலே இரு கோடு இட்டிருந்தான். அவை அதிர்வு தணிப்பான்களின் திருகுகளை எத்தனை ‘கிளிக்’ திருப்பி வைப்பது என்ற கணக்கு.

இடைக்கிடை ஓடுவதென்றே நாமும் நினைத்தோம். ஆனால் விதி வேறு விதமாக எழுதியிருந்தது. 2020 ஜனவரியில் எமது பழைய வண்டியை விற்று, நல்லதொன்று வாங்குவோம் என்று பணத்தை வங்கியிலே போட்டோம். மார்ச் மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. நாட்டிலிருந்த வண்டிகளின் விலை ஏணி வைத்து ஏறத் தொடங்கிற்று. எம் பணத்துக்கு வண்டி வாங்கச் சென்றோர் நாலு சில்லும் ஒரு ஹோர்னும் வாங்கலாம் என்று நண்பர் ஒருவர் கேலி செய்தார். தனியார் கார்களுக்கான அந்தத் தடை 2025 பெப்ரவரி வரை நீடித்தது. இவ்வாறாகவே, பந்தயத் திடலுக்கென்று வரிந்து கட்டிய வண்டி ஒரு கல்லூரி ஆசிரியரின் குடும்ப வண்டி ஆயிற்று.

பந்தய வண்டியின் வில் ஏன் கடினமாக இருக்க வேண்டும் என்று மாணவர் கேட்பதுண்டு. இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த பின், விமானங்கள் இறங்கவென்று அமைத்த ஓடுதளங்கள் பல வெறுமையாகக் கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், சென்னைக்கு வடக்கே சோழவரம், எமது கட்டுக்குருந்தை ஆகிய மூன்றும் அப்படிப் பிறந்த பந்தயத் திடல்களே. விமானம் இறங்கும் தரையிலே பள்ளமும் மேடும் ஏது? அத்தகைய தரையில் வண்டிக்கு வேண்டியது ஒன்றே: வளைவிலே உடல் சாயாமலும், தடை பிடிக்கையில் மூக்குக் குத்தாமலும், ரயர் நான்கும் தரையை அழுந்தப் பற்றி நிற்பது. அதற்காகவே வில்லைக் கடினமாக்கி, வண்டியைத் தரையோடு தாழ்த்தி, இணைப்புகளிலுள்ள ரப்பரை நீக்கி இரும்பு மூட்டுகளை இடுவர். தொழிற்சாலை தந்த வில், ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏறத்தாழ இரண்டு மூன்று கிலோ பாரம் கேட்கும். தம்பி இட்ட வில் முன்னே 12 கிலோவும் பின்னே 14 கிலோவும் கேட்டது.

இழுவைக்குத் தக்க நீட்சி என்று றொபேட் ஊக் என்பார் 1678 இல் வெளியிட்ட விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி வருகிறோம். அதன் பொருளை எம் முதுகினாலே உணர்ந்தது இந்த வண்டியிலேதான். வில்லின் வன்மை நான்கு மடங்கானால், அதன் மேலுள்ள உடல் மேலும் கீழும் ஆடும் மீடிறன் இரு மடங்காகும். சாதாரண வண்டி நொடிக்கு ஒரு முறை, அல்லது ஒன்றரை முறை ஆடும். ஆறுதலாக நடக்கும் ஒருவரின் காலடி போன்றது அது. மனிதன் பிறந்தது முதற் பழகிய அசைவாதலின் உடல் அதைப் பொறுத்துக்கொள்ளும். எம் மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியைப் பின் இருக்கையிலே ஒட்டி, மன்னார்க் கோட்டைப் பக்கம் போய் வந்து, நொடிக்கு மூன்று முறைக்கு அண்மை என்று கணக்குக் காட்டினான். நொடிக்கு நான்கு முதல் எட்டு வரையான அதிர்வே அமர்ந்திருக்கும் மனித உடலுக்கு மிகவும் ஒவ்வாதது என்பது அறிந்தோர் கண்ட முடிவு. அந்த வாயிலிலேதான் எம் வண்டி நின்றது. அதற்கு ‘துள்ளுந்து’ என்று பெயர் சூட்டியவனும் அதே மாணவனே. தமிழாசிரியர் அச்சொல்லைக் கேட்டுப் பெரிதும் மகிழ்ந்தார்.

கடினமான வில்லே சிறந்த வில் என்று எண்ணுவதும் பிழை. லோட்டஸ் வண்டிகளை ஆக்கிய கொலின் சப்மன், 1962 இல் வெளிவந்த எலான் வண்டிக்கு மென்மையான வில்லை இட்டு, அதன் ஆட்டத்தைச் செவ்வையாகத் தணித்து, வளைவிலே அதனை வெல்ல ஆளில்லை என்று பெயர் பெற்றார். கரடான வீதியிலே மிகக் கடினமான வில் ரயரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். காற்றிலே சுழலும் ரயர் எதனைப் பற்றும்?

இனி, எம் அன்றாடப் பாட்டைச் சொல்லுவோம். பாடசாலை முன்னுள்ள வேகத்தடையை எல்லோரும் நேரே கடப்பர். நாம் மாத்திரம் நண்டு போலச் சரிந்து, முதலில் ஒரு சில்லு, பின்னர் மறுசில்லு என்று ஏற்றி இறக்குவோம். அப்போதும் அடியிலே ‘கரக்’ என்று ஒரு சத்தம் எழும். வீதியோரத்துப் பிள்ளைகள் கைதட்டுவர். தலைமன்னார்ப் புகையிரதப் பாதையைக் கடக்கையில் பற்களைக் கடித்துக்கொள்வோம். தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில், பாலமும் வீதியும் சந்திக்கும் மெல்லிய மூட்டு ஒன்றுண்டு. பேருந்திற் செல்பவர் அதனை அறியவே மாட்டார். நாமோ கண்ணை மூடியிருந்தாலும் அவ்விடத்தைச் சொல்லிவிடுவோம். ரயர்களின் உட்புறம் மாத்திரம் தேய்ந்து கம்பி தெரிந்தது. வளைவிலே நன்றாகப் பற்றவென்று தம்பி சில்லுகளைத் தலைப்பக்கம் உள்ளே சாய்த்து வைத்திருந்ததன் விளைவு அது.

ஆனாலும் நன்றி மறத்தல் தகாது. மன்னாரிலே கழுதைகள் பல என்பதை வாசகர் அறிவர். பெருக்க மரத்தைப் போலவே அவையும் அரபு வணிகரோடு வந்தவை என்பர். இரவிலே வெம்மை மாறாத தார் வீதியில் அவை கூட்டமாக நின்று தியானம் செய்யும். ஒரு மாரி இரவு பேசாலையிலிருந்து திரும்புகையில், விளக்கொளியிலே திடீரென்று ஒரு தாய்க் கழுதையும் குட்டியும் தோன்றின. நாம் தடையை மிதித்ததும் வலத்தே திருப்பியதும் மீண்டும் இடத்தே ஒடித்ததும் ஒரே மூச்சில் நிகழ்ந்தன. வண்டி சாயவில்லை, வழுக்கவில்லை, நூல் பிடித்தது போல விலகி நின்றது. குட்டி எம்மைத் திரும்பிப் பார்த்தது. அன்றைக்குத்தான் தம்பி இதிலே என்ன கண்டான் என்பது எமக்கு விளங்கிற்று.

2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. கிழமைக்கு இவ்வளவுதான் என்று பங்கீட்டு அட்டைக்குப் பெற்றோல் அளந்தனர். நாம் சைக்கிளுக்கு மாறினோம். வண்டி மாதக் கணக்கிலே கொட்டகையில் நின்றது. மன்னார்க் காற்று உப்புக் காற்று. வண்டியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கவென்று வில்லின் அடியிலே மரை வெட்டிய வளையங்கள் உண்டு. தொழிலறிந்தவர் அவற்றைக் கழுவி எண்ணெய் பூசி வைப்பர். நாம் பூசவில்லை. மரையும் வளையமும் துருவேறி ஒன்றாய்ப் பிணைந்துபோயின. கை வைக்க வேண்டாம் என்று தம்பி எழுதியதை உப்புக் காற்று உறுதி செய்துவிட்டது போலும்.

மறு ஆண்டு எம் தாயார் கிணற்றடியிலே வழுக்கி விழுந்தார். முள்ளந்தண்டிலே ஓர் என்பு நெரிந்திருந்தது. படுக்கையில் இருந்து எழும்பிய பின், மாதம் ஒரு முறை யாழ்ப்பாணத்திலே வைத்தியரைக் காண வேண்டும் என்றனர். விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி என்று வரிசையாக ஊர்களைக் கடந்து, 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தால் ஏறிச் செல்லும் பாதை அது. பெரும்பகுதி நல்ல வீதிதான். ஆயினும் மழைக்குப் பின் அங்கங்கே விழும் குழியும், ஒவ்வொரு மதகின் இரு தலைப்பிலும் உள்ள சிறு தூக்கலும் எம் வண்டிக்குப் போதும். தாயார் முன் இருக்கையில் இரு தலையணைகளுக்கு நடுவே அமர்ந்து, ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றியபடி வருவார். வாய் திறந்து நோகிறது என்று சொல்லார். மதகு வருவதை எம்மினும் முன்னர் கண்டு மூச்சை அடக்குவார். அந்த மூச்சு அடங்கும் ஓசையைக் கேட்டுக் கேட்டே வண்டியை ஓட்டினோம்.

மூன்றாம் மாதமோ நாலாம் மாதமோ, பூநகரி வெளியிலே சற்று இளைப்பாற நிறுத்தியபோது, அவர் வேறெங்கோ பார்த்தபடி, “எங்கட அப்பு சவாரி வண்டிலில ஒருநாளும் எங்களை ஏத்தினதில்லை, தம்பி” என்றார். தாயாரின் தந்தை அடம்பன் பக்கத்துக் கமக்காரர். வீட்டிலே இரண்டு வண்டில்கள் இருந்தன. ஒன்று நெல் ஏற்றுவது. திருக்கேதீச்சரத்துக்குப் போகும்போது அதிலேதான் வைக்கோல் பரப்பி, பாய் விரித்து, பெண்டு பிள்ளைகளை ஏற்றுவார். மற்றது சவாரித் திடலுக்கு உரியது, இலேசானது, ஓட்டுபவர் நிற்கவும் குந்தவும் மாத்திரம் இடமுள்ளது. அந்தச் சவாரி வண்டிலுக்கு வெள்ளிக்கிழமை தோறும் விபூதி பூசுவாராம். அவ்வளவு ஆசை. ஆனால் அதிலே பாட்டியாரை ஏற்றும் எண்ணம் கனவிலும் அவருக்கு எழவில்லை.

அன்றிரவு தம்பியின் தாளை எடுத்துப் பார்த்தபடி நெடுநேரம் இருந்தோம். எழுதிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்லான். அதுவே எமக்குத் தயக்கம். தூர தேசத்திலே பனியில் நின்று உழைப்பவனுக்கு, ஊரிலே தன்னுடையது என்று சொல்ல இருந்தவை இரண்டு: தாயும் இந்த வண்டியும். ஒன்றுக்காக மற்றதைக் கலைக்கிறோம் என்று எந்த வாயாற் சொல்வது? சொல்லாமலே செய்வது என்று துணிந்தோம். அது நேர்மை என்று வாதிடோம்.

செய்வது எப்படி என்பதிலே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வில்லிலே ஒரு சுற்றை வெட்டிவிட்டால் மெதுவாகும் என்றார் ஓர் அயலவர். மாணவர் இதனை மனத்திற் கொள்க: வில்லை வெட்டினால் அது மேலும் கடினமாகும்; எஞ்சிய சுற்றுகள் குறைவாதலால் ஒவ்வொன்றும் கூடுதலாக முறுக வேண்டிவரும். தணிப்பான்களின் திருகை முற்றாகத் தளர்த்திப் பார்த்தோம். அடியின் கூர்மை சற்றுக் குறைந்தது. ஆனால் வண்டி ஒரு மேட்டுக்கு நாலு முறை ஆடிற்று. தாயாருக்குத் தலை சுற்றியது. மீண்டும் 8, 10 என்று வைத்தோம்.

எருக்கலம்பிட்டியிலே கராஜ் வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் அடியிலே படுத்துப் பார்த்து எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, “சேர், செய்தவர் வடிவாச் செய்திருக்கிறார். ஆனா இது வயசான ஆக்கள் ஏறுற சாமான் இல்ல” என்றார். “என்ன செய்யலாம் நானா?” என்றோம். “இத அப்பிடியே கழட்டி வைப்பம். கொம்பனி சாமான் தேடிப் பூட்டுவம். மனசு மாறினா இதத் திருப்பிப் பூட்டலாம்தானே” என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எம் நெஞ்சிலே பால் வார்த்தது.

கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைத்தெருவிலே பழைய உதிரிப் பாகங்களுக்குக் குறைவில்லை. இரண்டு நாள் அலைந்து, இந்த வண்டிக்கென்றே செய்த வில்களையும் தணிப்பான்களையும் தேடி எடுத்தோம். 16 அங்குலச் சில்லுகளைக் கழற்றி, தடித்த சுவருள்ள ரயரோடு 14 அங்குலச் சில்லுகளை இட்டோம். ரயருக்குள் இருக்கும் காற்றும் ஒரு வில்தான். காற்றடைத்த ரயருக்கு 1888 இல் காப்புரிமை பெற்ற ஜோன் பொய்ட் டன்லப், முதலில் அதனைச் செய்தது தம் மகனின் முச்சில்லு வண்டிக்காகவே என்பதை இங்கே நினைத்துக்கொண்டோம். இரும்பு மூட்டுகளுக்குப் பதில் ரப்பர் வந்தது. உட்சாய்ந்த சில்லுகள் நிமிர்ந்தன. தம்பியின் பாகங்களை நானா கிறீஸ் பூசித் தந்தார். சாக்கிலே சுற்றிப் பரணில் ஏற்றினோம்.

அந்த மாதம் யாழ்ப்பாணம் போகையில் விடத்தல்தீவு தாண்டுமுன் தாயார் உறங்கிவிட்டார். முதலிலே அதனை நாம் அறியவில்லை. மூச்சு அடங்கும் ஓசை கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்த்தபோதே கண்டோம். இழப்பும் உண்டு. வளைவிலே வண்டி இப்போது தோணி போலச் சாய்கிறது. இரவிலே பேசாலை வீதியில் முன்னைய வேகத்தில் செல்வதில்லை. இன்னொரு கழுதைக் குட்டி குறுக்கிட்டால் அந்தப் பழைய துணிவு கைகொடுக்குமா என்று எண்ணிக் கால் தானே தடைமேற் சென்றுவிடுகிறது.

இவையெல்லாம் நடந்தது 2024 ஜூனில். எட்டு மாதம் தம்பிக்குச் சொல்லவில்லை. கிழமைதோறும் தொலைபேசியில் “வண்டி எப்பிடி அண்ணா?” என்று கேட்பான். “ஓடுது” என்போம். பொய்யன்று, முழு உண்மையும் அன்று. வகுப்பிலே மாணவரைக் கண்டிக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வந்து குரலைத் தாழ்த்திற்று.

2025 பெப்ரவரியில், சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்திலே நிற்க வேண்டும் என்று அவன் வந்தான். வந்த மறுநாட் காலை திறப்பைக் கேட்டான். தாயார் முன்னே அமர, நாம் பின்னே முடங்கிக் கிடந்தோம். படலை கடந்து ஒழுங்கையால் இறங்கியதுமே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒன்றும் பேசவில்லை. தாம்போதியிலே அந்த மூட்டு வந்தது. வண்டி மெல்ல மூச்சு விட்டது போல ஒரு முறை தாழ்ந்து எழுந்தது. நாம் கண்ணாடியிலே அவன் முகத்தைப் பார்த்தோம். அவன் தாயாரைப் பார்த்தான். “நோகுதா அம்மா?” என்றான். “இல்லை ராசா, இப்ப நல்ல சுகம்” என்றார் அவர், எமது திருட்டு வெளிப்பட்டதை அறியாமல்.

பாலாவித் தீர்த்தக் கரையிலே வண்டியை நிறுத்தியபின், “படகு மாதிரிச் சாயுது, அண்ணா” என்றான். “ஓம்” என்றோம். சிறிது நேரம் கழித்து, “பழசு எங்கை?” என்றான்.

சிவராத்திரி கழிந்த பிற்பகல் பரணிலிருந்து சாக்கை இறக்கினான். மரைகளிலே இறுகிப்போன துருவை நகத்தாற் சுரண்டிப் பார்த்து, எம்மை ஒரு முறை முறைத்தான். பின்னர் ஒரு வாளியிலே மண்ணெண்ணெயும் பழைய பற்தூரிகையும் எடுத்து முற்றத்திலே குந்திவிட்டான். தாயார் திண்ணையிலே சாய்ந்திருந்து, தம் தந்தையார் சவாரி வண்டிலுக்கு விபூதி பூசிய கதையை அவனுக்குச் சொன்னார். பொழுதுபட முன்னர் நான்கு வளையங்களிலே மூன்று சுழன்றன, நாலாவது அசையவில்லை. அடுத்த முறை வரும்போது பார்ப்போம் என்று கிறீஸ் பூசிக் கட்டி வைத்தான்.

அவன் விமானம் ஏறிய பின், வண்டியின் முன்பெட்டியைத் திறந்தோம். பழைய தாள் அங்கேயே இருந்தது. இரு கோடு இட்ட வரிக்குக் கீழே புதிதாக எழுதியிருந்தான்: “அம்மா ஏறும் நாளில் ரயர்க் காற்று முன் 28, பின் 26. மற்ற நாளில் 32. மறக்க வேண்டாம்.”